மூணு சுவர் வீடும் அம்மா கேட்ட கேள்வியும்

தேர்வு முடிஞ்சு, தூக்கம் முடிஞ்சு, ஒரு வழியா உட்கார்ந்திருக்கேன். இந்தத் தடவை படிப்பைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. டிவி பத்தி. இன்னும் சரியாச் சொன்னா, அமெரிக்க டிவி தொடர்கள் "நடக்குற" ஊர்களைப் பத்தி. கொஞ்சம் நீளமாப் போகும், டீயோ காபியோ பக்கத்துல வெச்சுக்கோங்க.

எல்லாத்துக்கும் காரணம் எங்க அம்மா.

என் தங்கச்சி லீவுக்கு ஊருக்கு வந்திருந்தா. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் லேப்டாப்புல பிரெண்ட்ஸ் பார்க்கிறது அவ வழக்கம். அம்மா பக்கத்துல உட்கார்ந்து பூக் கட்டிக்கிட்டே அதையும் பார்த்திருக்காங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "அப்புறம் எப்படிம்மா புரியுது?"ன்னு கேட்டேன். "அதுல பின்னாடி யாரோ சிரிக்கிறாங்கல்ல, அவங்க சிரிக்கும்போது நானும் சிரிச்சுக்குவேன்"னு பதில் வந்துச்சு. (அந்தத் தொடரை ஸ்டூடியோவுல நிஜ ஆடியன்ஸை உட்கார வெச்சுத்தான் எடுத்தாங்க. அந்தச் சிரிப்பு கோவில்பட்டி வரைக்கும் வந்து எங்க அம்மாவையும் சிரிக்க வெச்சிருக்கு பாருங்க!)

ஒரு ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அம்மா கேட்டாங்க: "ஏய்யா, நீ இருக்குற வீடும் அந்தப் பிள்ளைக வீடு மாதிரி அவ்வளவு பெருசாவா இருக்கும்?"

மோனிகா வீட்டைச் சொல்றாங்க. ஊதாச் சுவர், பெரிய ஜன்னல், ரெண்டு பெட்ரூம், பால்கனி, சும்மா வந்து போக அஞ்சு சிநேகிதங்க.

நான் என்ன சொல்லியிருக்கணும்? "அம்மா, ரெண்டு பெட்ரூம் வீட்டுல நாங்க அஞ்சு பேர். நான் ஹால்ல மெத்தையைத் தரையில போட்டுப் படுக்கிறேன். வாடகை கம்மின்னு நானே கேட்டு வாங்கின இடம் அது. ஜனவரியில ஹீட்டர் நின்னு நாலு நாள் ஜாக்கெட்டோட தூங்கினோம்." இதைத்தான் சொல்லியிருக்கணும்.

நான் சொன்னது: "ஆமாம்மா, கிட்டத்தட்ட அப்படித்தான்."

அந்த "கிட்டத்தட்ட" என்னை என்ன பாடு படுத்துச்சுன்னு கடைசில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்தக் கேள்வி உள்ளுக்குள்ள உறுத்தினதால அந்த வீடுகளைப் பத்தியெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். ரெண்டு ஊருக்குப் போயும் பார்த்தேன். அந்தக் கதை முதல்ல.

மோனிகா வீட்டுல இருந்தே ஆரம்பிப்போம். பிரெண்ட்ஸ் 1994 முதல் 2004 வரைக்கும் பத்து சீசன், 236 எபிசோட் ஓடுச்சு. கதை நடக்குறது நியூயார்க்ல, கிரீனிச் வில்லேஜ்ங்கிற பகுதியில. வெளியில இருந்து காட்டுற கட்டடம் நிஜமாவே இருக்கு. பெட்ஃபோர்ட் தெருவும் குரோவ் தெருவும் சேர்ற முக்குல நிக்குது. ஆனா உள்ளே நடக்குறது எல்லாமே அங்கிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு அந்தாண்ட, கலிபோர்னியாவுல பர்பாங்க் ஊர்ல, வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவுல எடுத்தது. அதாவது, வாசல் நியூயார்க்ல, வீடு கலிபோர்னியாவுல!

சமையல் வேலை பார்க்கிற பொண்ணுக்கு மன்ஹாட்டன்ல அவ்வளவு பெரிய வீடு எப்படிக் கட்டுப்படியாகும்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க போல. தொடருக்குள்ளேயே அதுக்கு ஒரு சாக்கு வெச்சிருக்காங்க. அது பாட்டி பேர்ல இருந்த வீடாம், பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல வர்றதாம். சரி, கதைன்னு விட்டுடுவோம். ஆனா வீடு ஏன் அவ்வளவு பெருசுங்கிறதுக்கு உண்மையான காரணம் வாடகை இல்ல, கேமரா. ஒரே நேரத்துல நாலு கேமரா நகரணும், எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆடியன்ஸுக்கும் எல்லாம் தெரியணும். அதனால வீட்டுக்கு மூணு சுவர்தான். நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்துல கேமராவும், அதுக்குப் பின்னாடி ஜனங்களும் இருப்பாங்க.

மூணு சுவர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப ஒரு கேள்வி வரும். கதை நியூயார்க்ல நடந்தா அங்கேயே எடுத்தா என்ன? இதுக்குப் பதில் தேடினா 1951-க்குப் போகணும். ஐ லவ் லூசின்னு ஒரு தொடர். லூசில் பாலும் அவங்க புருஷன் டெசி அர்னாஸும் நடிச்சது. அந்தக் காலத்துல முக்காவாசி டிவி நிகழ்ச்சி நியூயார்க்ல இருந்து நேரடி ஒளிபரப்பு. மேற்குப் பக்கம் இருக்குறவங்களுக்கு, டிவி திரையையே ஃபிலிம் கேமராவால படம் பிடிச்சு அனுப்புவாங்க. அது மங்கலா, கேவலமா இருக்கும். விளம்பரம் கொடுத்த கம்பெனி, "நியூயார்க் வந்து நேரடியாப் பண்ணுங்க"ன்னுச்சு. புருஷனும் பொண்டாட்டியும், "எங்க வீடு ஹாலிவுட்ல, நாங்க நகர மாட்டோம்"னு நின்னாங்க. கடைசியில ஒரு பேரம். நல்ல 35 எம்எம் ஃபிலிம்ல, மூணு கேமரா வெச்சு, ஜனங்க முன்னாடி ஹாலிவுட்ல எடுக்கலாம். செலவு கூடுதல்தான். அதுக்காகச் சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டாங்க. பதிலுக்கு அந்த எபிசோடுகளோட உரிமையை வாங்கிக்கிட்டாங்க.

அந்த ஒரு பேரத்தோட விளைவைப் பாருங்க. ஃபிலிம் நல்லா இருந்ததால திரும்பத் திரும்பப் போட முடிஞ்சது. மறு ஒளிபரப்புங்கிற வியாபாரம் வளர்ந்துச்சு. காமெடித் தொடர்னா ஹாலிவுட் பக்கம் ஸ்டூடியோவுல, பல கேமராவோட, ஆடியன்ஸ் முன்னாடின்னு ஒரு வழி உண்டாச்சு. ரெண்டு பேர் வீட்டை விட்டு நகர மாட்டேன்னு அடம் பிடிச்சதோட பலனா, எழுபது வருஷத்துக்கு அப்புறம் தங்கச்சி லேப்டாப்புல அம்மா சிரிக்கிறாங்க.

லூசி வீட்டு விலாசம் இன்னொரு கூத்து. கதையில அவங்க குடியிருக்கிறது நியூயார்க்ல, கிழக்கு 68-ஆவது தெரு, 623-ஆம் நம்பர். அந்தத் தெரு அவ்வளவு தூரம் போகாது. அந்த நம்பர்ல வீடு இருந்தா அது ஈஸ்ட் ஆத்துக்குள்ள இருக்கணும்! லூசிக்குத் தபால் போட்டா தபால்காரர் நீச்சல் தெரிஞ்சவரா இருக்கணும் :)

எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் இது. சியர்ஸ்னு ஒரு தொடர், 1982 முதல் 1993 வரை. பாஸ்டன் ஊர்ல ஒரு மதுக்கடை, அங்க தினம் வந்து உட்கார்ற ஆட்கள், அவ்வளவுதான் கதை. அதுல வந்த ஃப்ரேசியர்ங்கிற மனநல டாக்டர் பாத்திரத்தைத் தனியா எடுத்து, சியாட்டில் ஊருக்குக் குடி மாத்தி, 1993-ல இருந்து 2004 வரைக்கும் இன்னொரு தொடர் ஓட்டினாங்க. பாஸ்டன் கிழக்குக் கடற்கரை, சியாட்டில் மேற்குக் கோடி. நாட்டோட ரெண்டு மூலை. ரெண்டு தொடரையும் எடுத்தது எங்க? ஹாலிவுட்ல பாரமவுண்ட் ஸ்டூடியோவோட 25-ஆம் நம்பர் அரங்கத்துல! மதுக்கடையைப் பிரிச்சுட்டு அதே இடத்துல டாக்டர் வீட்டைப் போட்டுட்டாங்க. மனுஷன் நாட்டையே கடந்து போனார், ஆனா ஒரு அடி நகரல.

பாஸ்டன்ல பீக்கன் தெருவுல அந்த மதுக்கடையோட வாசல் மட்டும் நிஜம். புல் அண்ட் ஃபின்ச்னு ஒரு கடை. தொடரைப் பார்த்துட்டு ஓடி வந்த ஜனம் உள்ளே போனா, டிவியில பார்த்த கடை இல்ல, வேற ஏதோ ஒரு கடை. ஏமாந்து போய்த் திரும்பினாங்க. கடைசியில 2001-ல அதே ஊர்ல வேற இடத்துல, டிவி செட் மாதிரியே உள்ளே அமைச்சு ஒரு கடை திறந்தாங்க. அதாவது நிஜக் கடை பொய்யா இருந்ததால, பொய்க் கடையை நிஜமாக் கட்டிட்டாங்க! அது 2020-ல மூடினாங்க. பழைய கடை 2002-ல பேரையே சியர்ஸ்னு மாத்திக்கிச்சு.

சரி, சிரிச்சது போதும். இனி நான் இருக்குற ஊர்.

நான் படிக்கிறது மில்வாக்கியில. "அது எங்கடா இருக்கு?"ன்னு கேட்காத ஆளே கிடையாது. சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக் கரையில. ரயில்ல ஒன்றரை மணி நேரம். ஊர்ல சீட் கிடைச்ச சேதியைச் சொன்னப்ப ஒரு சித்தப்பா, "அமெரிக்கான்னா நியூயார்க், கலிபோர்னியான்னு கேட்டிருக்கேன், இது என்னடே?"ன்னார். அவருக்கு என்னத்தைச் சொல்ல!

ஆனா அமெரிக்காவுல ஒரு வயசுக்கு மேல இருக்குறவங்களுக்கு மில்வாக்கின்னா உடனே ஒரு தொடர் ஞாபகம் வரும். ஹேப்பி டேஸ். 1974 முதல் 1984 வரை ஓடுச்சு. கதை நடக்குற காலம் 1950-கள். அடக்கமான ஒரு குடும்பம், நல்ல பையன் ரிச்சி, லெதர் ஜாக்கெட் போட்ட ஃபான்ஸி. இதை உருவாக்கின கேரி மார்ஷல் நியூயார்க்காரர். ஆனா தயாரிப்பாளர்கள்ல ஒருத்தரான தாமஸ் மில்லருக்குச் சொந்த ஊர் மில்வாக்கி. நடுத்தர ஊர், நடுத்தரக் குடும்பம்னு இந்த ஊரைப் பிடிச்சுக்கிட்டாங்க. 2008-ல ஆத்தங்கரை நடைபாதையில ஃபான்ஸிக்கு வெண்கலச் சிலை வெச்சாங்க. ரெண்டு கட்டை விரலையும் தூக்கிக்கிட்டு நிப்பார். வந்த முதல் வாரமே நானும் பக்கத்துல நின்னு விரலைத் தூக்கிப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். "இவர் யாருய்யா, சுதந்திரப் போராட்ட வீரரா?"ன்னு அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல சிலைன்னா அப்படித்தானே!

நான் காலேஜ் சாப்பாட்டுக் கூடத்துல பகுதி நேர வேலை பார்க்கிறேன். (மாணவர் விசாவுல இருக்குறவங்க செமஸ்டர் நடக்கும்போது வாரத்துக்கு இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம்.) அங்க என்கூட ஒரு வயசான அம்மா இருக்காங்க. கறுப்பினத்தவர், இதே ஊர்ல பிறந்து வளர்ந்தவங்க. தட்டு கழுவுற நேரத்துல ஒரு நாள் அவங்ககிட்ட, "உங்க ஊரு ஹேப்பி டேஸ் ஊராமே!"ன்னு ஆர்வமாக் கேட்டேன்.

அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அது நல்ல தொடர்தான் தம்பி"ங்கிற தோரணையில தலையாட்டிட்டுச் சொன்னாங்க: "ஆனா அந்த மில்வாக்கியில நாங்க இல்ல. அந்தத் தெருவுல எங்களுக்கு வீடு கொடுத்திருக்க மாட்டாங்க."

எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. அப்புறம் போய்ப் படிச்சேன். இந்த ஊர் நடுவுல ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. அதுக்கு வடக்கே கறுப்பின மக்கள், தெற்கே வெள்ளையர், அதுலயும் போலந்துக்காரங்க அதிகம். நடுவுல 16-ஆவது தெருப் பாலம். ஆப்பிரிக்காவையும் போலந்தையும் சேர்க்கிற பாலம்னு அந்தக் காலத்துல கிண்டல் பண்ணுவாங்களாம். வடக்கே இருக்குறவங்க தெற்கே வீடு வாங்கவோ வாடகைக்குப் பிடிக்கவோ முடியாது. இனம் பார்த்து வீடு மறுக்கக் கூடாதுன்னு நகரசபையில சட்டம் கொண்டு வந்தார் வெல் ஃபிலிப்ஸ்ங்கிற கறுப்பினப் பெண் உறுப்பினர். திரும்பத் திரும்பத் தோத்துச்சு. 1967 ஆகஸ்ட் மாசம், அந்தப் பாலத்தைத் தாண்டி ஊர்வலம் போனாங்க. ஜேம்ஸ் குரோப்பின்னு ஒரு பாதிரியாரும் இளைஞர்களும் முன்னால போனாங்க. அந்தப் பக்கம் கல்லும் பாட்டிலும் வந்து விழுந்துச்சு. அடுத்த நாளும் போனாங்க. அதுக்கு அடுத்த நாளும். மில்வாக்கிக் குளிர்ல, தொடர்ந்து இருநூறு நாள். 1968 ஏப்ரல்ல மத்திய அரசோட வீட்டுரிமைச் சட்டம் வந்தது. அதுக்கு அப்புறம்தான் நகரசபையும் சட்டம் போட்டுச்சு. இப்ப அந்தப் பாலத்துக்கு குரோப்பி பேர்தான்.

அந்த அம்மாவோட அக்கா அந்த ஊர்வலத்துல நடந்தவங்களாம். இவங்க அப்ப சின்னப் பொண்ணு.

கணக்குப் பண்ணிப் பார்த்தேன். ஊர்வலம் முடிஞ்சு ஆறே வருஷத்துல ஹேப்பி டேஸ் வந்துடுச்சு. டிவி ஆளுங்க 1950-களுக்குப் போய் அந்த நாட்களுக்கு "சந்தோஷ நாட்கள்"னு பேர் வெச்சுட்டாங்க. பொய்ன்னு சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷமும் யாருக்கோ இருந்திருக்கும். கேமராவை எந்தப் பக்கம் திருப்புறோம்ங்கிறதுதான் விஷயம்.

ஹேப்பி டேஸ்ல இருந்து பிரிஞ்சு வந்த இன்னொரு தொடர் லெவர்ன் அண்ட் ஷெர்லி. ரெண்டு பொண்ணுங்க, ஷாட்ஸ்னு ஒரு கற்பனை பீர் ஆலையில வேலை. ஷ்லிட்ஸ்னு நிஜமா இருந்த பெரிய ஆலையை ஞாபகப்படுத்துற பேரு. 1980-ல வந்த ஆறாவது சீசன்ல, ஆலையில மிஷின் வந்து இவங்க வேலை போயிடுது. ரெண்டு பேரும் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிடுறாங்க. அடுத்த வருஷமே, 1981-ல, நிஜ ஷ்லிட்ஸ் மில்வாக்கி ஆலையை மூடிட்டாங்க. 1996-ல பேப்ஸ்ட் ஆலையும் போச்சு. தொடர்ல வேலை போனா அடுத்த வாரம் வேற ஊர், புது செட், புது ஜோக். நிஜத்துல வேலை போனவங்க எங்க போனாங்கன்னு காட்ட எந்தத் தொடரும் வரல. அந்த அம்மாவோட அப்பா பீர் ஆலையில வேலை பார்த்தவராம்.

இதுக்கு அப்புறம் ஒரு சனிக்கிழமை ரயில் பிடிச்சு சிகாகோ போனேன். குட் டைம்ஸ்னு ஒரு தொடர், 1974 முதல் 1979 வரை. சிகாகோவுல அரசுக் குடியிருப்புல வாழுற ஒரு ஏழைக் கறுப்பினக் குடும்பத்தோட கதை. தொடருக்குள்ள குடியிருப்போட பேரைச் சொல்ல மாட்டாங்க. ஆனா டைட்டில்ல காட்டுறது கப்ரினி-கிரீன்ங்கிற நிஜக் குடியிருப்பு. நம்ம ஊர் ஹவுசிங் போர்டை இன்னும் உசரமா, வரிசை வரிசையா நினைச்சுக்கோங்க. ஆயிரக்கணக்கான ஜனம் இருந்த இடம். பராமரிப்பு இல்லாமப் போய், கெட்ட பேர் வாங்கி, 1990-கள்ல இடிக்க ஆரம்பிச்சு, 2011-ல கடைசி அடுக்குமாடியையும் இடிச்சுட்டாங்க. நான் போனப்ப அங்க புதுப் புதுக் குடியிருப்புகளும், பெரிய கார் நிறுத்தத்தோட ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரும் இருந்துச்சு. பழைய தாழ்வான வீடுகள் கொஞ்சம் மிச்சம். அந்தக் கடையில ஒரு ஜோடிக் கையுறை வாங்கிக்கிட்டு வந்தேன். பில் போடுற பையனுக்கு இருபது வயசு இருக்கும். இந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு அவன்கிட்ட கேட்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேட்கல.

ஒரு ஊர் டிவியில மட்டும் மிச்சம் இருக்கிறது எவ்வளவு விநோதம்! அந்த டைட்டிலைப் போட்டா கட்டடங்கள் இன்னும் நிக்குது.

டிவியால கெட்ட பேர் மாறின ஊரும் உண்டு. 1963 நவம்பர் 22-ல டல்லாஸ்ல கென்னடியைச் சுட்டுக் கொன்னாங்க. அதுக்கு அப்புறம் ரொம்ப வருஷம் அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே ஜனங்க முகம் சுளிச்சாங்க. 1978-ல டல்லாஸ்ங்கிற பேர்லயே ஒரு தொடர் வந்துச்சு. எண்ணெய்ப் பணக்காரக் குடும்பம், சண்டை, துரோகம், நம்ம மெகா சீரியலுக்குக் கொள்ளுப்பாட்டின்னு வெச்சுக்கோங்க. அதுல வில்லன் ஜே.ஆரை யார் சுட்டதுங்கிற மர்மத்தை மாசக்கணக்கா இழுத்தாங்க. விடை சொன்ன எபிசோட் 1980 நவம்பர் 21. அமெரிக்காவுல மட்டும் 8 கோடிப் பேருக்கு மேல பார்த்தாங்க. கென்னடி செத்துப் பதினேழு வருஷம் ஆக ஒரே ஒரு நாள் பாக்கி. இந்தத் தடவை உலகமே டல்லாஸ்ல யார் யாரைச் சுட்டதுன்னு கேட்டுச்சு, ஆனா சிரிச்சுக்கிட்டே கேட்டுச்சு. ஊருக்கு வெளியே இருக்குற அந்தப் பண்ணை வீட்டைப் பார்க்க இன்னமும் ஜனம் போகுது.

எல்லாருக்கும் அது பிடிக்கும்னு சொல்ல முடியாது. மினியாபொலிஸ் ஊர்ல நடக்குற மேரி டைலர் மூர் தொடர்ல (1970–1977) நாயகி வீடுன்னு ஒரு நிஜ வீட்டோட வெளிப்புறத்தைக் காட்டினாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது வினை. பஸ் பஸ்ஸா வந்து, "மேரி இருக்காங்களா?"ன்னு கதவைத் தட்டியிருக்காங்க. திரும்பப் படம் எடுக்க ஆளுங்க வந்தப்ப, வீட்டுக்காரம்மா ஜன்னலுக்குக் கீழே "நிக்சனைப் பதவி நீக்கு"ன்னு பெரிய துணியைக் கட்டித் தொங்க விட்டுட்டாங்க. இனி எப்படி எடுப்பீங்க, எடுங்க பார்ப்போம்! கடைசியில தொடர்லயே மேரி வேற வீட்டுக்குக் குடி போயிட்டா. ஊர் நடுவுல 2002-ல அவளுக்குச் சிலை. தொப்பியை ஆகாசத்துல வீசுற மாதிரி. 2017-ல அந்த நடிகை காலமானப்ப ஜனங்க அந்தச் சிலை காலடியில பூ வெச்சாங்க.

இப்ப ஒரு சுயநலக் கேள்வி. இந்த ஊர்கள்ல எல்லாம் நம்ம ஆள் எங்க?

சிம்ப்சன்ஸ்ல ஒருத்தர் இருந்தார். ஸ்பிரிங்ஃபீல்ட் ஊர்ல கடை வெச்சிருக்கிற அபு. அந்த ஊர் எந்த மாநிலத்துல இருக்குன்னு 1989-ல இருந்து சொல்லாமலே ஓட்டுறாங்க. நாட்டுல ஏகப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்ட் உண்டு. அபுவுக்குக் குரல் கொடுத்தவர் ஹேங்க் அசாரியாங்கிற வெள்ளைக்காரர். ஹரி கொண்டபோலுங்கிற நகைச்சுவைக் கலைஞர் 2017-ல இதைப் பத்தி ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020-ல அசாரியா இனி அந்தக் குரலைக் கொடுக்க மாட்டேன்னுட்டார். பிரெண்ட்ஸ் நியூயார்க்லயும் அதே கதைதான். எத்தனையோ இனத்து ஜனம் நெருக்கியடிக்கிற ஊர்ல, அந்த ஆறு பேரைச் சுத்தி மட்டும் வெள்ளை முகமாத்தான் தெரியும். அதை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான மார்த்தா காஃப்மன், 2022-ல இதுக்காக வருத்தப்பட்டுப் பேசி, பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துல ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுகளுக்கு 40 லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தாங்க.

இவ்வளவும் படிச்சுட்டு ராத்திரி மெத்தையில படுத்துக் கிடந்தப்ப ஒண்ணு உறைச்சுது. ஊர் ஊரா டிவிக்காரங்க பொய் சொன்னாங்கன்னு கணக்கெடுக்கிறேனே, நான் என்ன பண்ணிட்டிருக்கேன்?

வீடியோ கால் வர்றப்ப நான் எப்பவும் ஒரே இடத்துலதான் உட்காருவேன். ஹால் மூலையில ஒரு சுவர் இருக்கு. முன்னாடி குடியிருந்தவங்க அடிச்ச வெளிர்நீலப் பெயின்ட். அதுல ஒரு ஏரிப் படம் மாட்டியிருக்கேன். அந்த மூலையில உட்கார்ந்தா மெத்தை தெரியாது, துணிக்கொடி தெரியாது, சிங்க்ல கிடக்குற பாத்திரம் தெரியாது. ரூம்மேட்டுங்களைக் கூட, "அஞ்சு நிமிஷம் அந்தப் பக்கம் போங்கடா"ன்னு விரட்டிடுவேன். பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்காவது மூணு சுவர் இருந்துச்சு. என் செட்டுக்கு ஒண்ணே ஒண்ணு!

இதுல வினை என்னன்னா, அம்மா பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிச்சுட்டாங்க. பட்டமளிப்பு விழாவுக்கு ரெண்டு பேரும் வர்றதா முடிவு. "ஹோட்டலுக்கு எதுக்குய்யா காசு, உன் வீடுதான் பெருசா இருக்கே, அங்கேயே ஒரு மூலையில படுத்துக்கிறோம்"னு அப்பாவும் சொல்லிட்டார். என் படிப்புக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். டிக்கெட்டுக்கு எங்க இருந்து பணம் புரட்டுறார்னு என்கிட்ட சொல்லல. அந்தப் பக்கமும் ஏதோ ஒரு சுவர் மட்டும்தான் எனக்குத் தெரியுது.

போன ஞாயிறு சொல்லிட்டேன். மனப்பாடம் பண்ணினது எல்லாம் மறந்து போய், "அம்மா, அந்த வீடு பத்தி நான் பொய் சொல்லிட்டேன்"னு போட்டு உடைச்சேன். அஞ்சு பேர், தரையில மெத்தை, ஹீட்டர், எல்லாம்.

அம்மா பூக் கட்டுறதை நிறுத்தல. "தெரியும்யா"ன்னாங்க.

"எப்படிம்மா?"

"ரெண்டு வருசமா ஒரே சுவரைத்தான காட்டுற. பெரிய வீட்டுல இருக்குறவன் ஒரு நாளாச்சும் எந்திரிச்சு நடப்பான்ல."

எனக்குப் பேச்சே வரல. அம்மாவே சொன்னாங்க: "சரி, அந்தப் போனைத் திருப்பு. பார்ப்போம்."

திருப்பினேன். மெத்தை, கொடி, பாத்திரம், வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்த தெலுங்குப் பையன், ஹெட்போன் மாட்டிக்கிட்டிருந்த குஜராத்திப் பையன் எல்லாம் வரிசையா வந்தாங்க. அம்மா ஒவ்வொருத்தன்கிட்டயும், "சாப்பிட்டியாய்யா?"ன்னு தமிழ்லயே கேட்டாங்க. அவனுங்களும் என்னமோ புரிஞ்ச மாதிரி, "சாப்பிட்டேன் ஆன்ட்டி"ன்னானுங்க. கடைசியில அப்பா எட்டிப் பார்த்து, "அஞ்சு பேர்னா பரவாயில்லையே, நாங்க காலேஜ் படிக்கிறப்ப ஒரு ரூம்ல எட்டுப் பேர்"னார். இதை இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட அவர் சொன்னதில்ல.

அம்மா போனை வைக்கும்போது சொன்னது: "அந்தத் தொடர்ல கதவைத் தட்டாம உள்ள வர்றாங்கல்ல, அது மட்டும் நிசம் போலருக்கு. உன் வீட்டுலயும் அப்படித்தான் வர்றானுங்க."

விழாவுக்கு வர்றாங்களா இல்லையான்னு இன்னும் முடிவாகல. விசா, டிக்கெட் ரெண்டும் பாக்கி. வந்தா பெட்ரூமை விட்டுக் கொடுக்கிறதா ரூம்மேட்டுங்க சொல்லியிருக்கானுங்க. ஃபான்ஸி சிலையைக் காட்டுவேன். 16-ஆவது தெருப் பாலத்துக்கும் கூட்டிட்டுப் போவேன். சாப்பாட்டுக் கூடத்து அம்மாவையும் அறிமுகப்படுத்தணும். ரெண்டு பேரும் எந்த மொழியில பேசிக்குவாங்கன்னு எனக்குக் கவலையே இல்ல.

அடுத்த வருஷம் இந்தப் பக்கம் படிக்க வரப் போற ஜூனியர் மக்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. எந்த ஊருக்கு வந்தாலும் முதல் வாரமே போனைத் திருப்பி வீட்டை முழுசாக் காட்டிடுங்க. ரெண்டு வருஷம் ஒரே மூலையில உட்கார்ந்தா கழுத்து வலிக்குது. அனுபவத்துல சொல்றேன் :)

டிஸ்கி: தங்கச்சி இதைப் படிச்சுட்டு, "அண்ணா, அம்மாகிட்ட அந்தச் சுவர் விஷயத்தைச் சொன்னதே நான்தான்"னு உரிமை கொண்டாடுறா. நம்பாதீங்க.